ஹால் குறிப்பு

மூன்றாவது வரனும் கைநழுவிப் போன அன்றுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டே யாரோ எங்களுக்குக் குழி பறிக்கிறார்கள்.

ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சுத்தப் பொய். அந்த ஜாதகத்தை நானே இரண்டு ஜோசியர்களிடம் காட்டியிருந்தேன். ஒருவரை ஒருவருக்கு ஆகாது. அவர்களே ஒத்த குரலில் எட்டுப் பொருத்தம் என்றார்கள். என் மகள் காந்திமதிக்குப் படிப்பு, வேலை, அடக்கம் எதிலும் குறை கிடையாது. பாளையங்கோட்டையில் முப்பது வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் “உலகநாதன் அண்ணாச்சியா? தங்கமான மனுசன்” என்றுதான் சொல்வார்கள். ஆனால் இப்போதெல்லாம் மார்க்கெட்டில் யார் விசாரிக்கிறார்கள்? நேராக ஹால் குறிப்பைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள்.

இது எங்கள் தலையில் வந்து விழுந்த கதை ரொம்பச் சாதாரணமானது. நிழலகம் என்ற கம்பெனி வீட்டுக்கு வீடு சுவரை அடைக்கிற மாதிரி ஒரு திரையை மாட்டியது. படம் முடிந்ததும் அந்தத் திரை ஒரு பெண் குரலில், “படம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்கும். வீட்டில் இருப்பவர்கள் சும்மா பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் போதும், அடுத்த படம் இலவசம். படம் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல நம் ஊர்க்காரனுக்குக் கூலி வேறு வேண்டுமா? எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், எங்கள் வீட்டில் நாலு வருடத்துக்கு முன்பு. பேச்சைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததாம். யார் படித்தார்கள்!

அந்தப் பேச்சுத்தான் ஹால் குறிப்பு. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு அதையும் கேட்க ஆரம்பித்தார்கள். தர மாட்டேன் என்று சொன்னால் அந்த வீட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நம் குறிப்பில் என்ன இருக்கிறது என்று நமக்கே காட்ட மாட்டார்கள். தெரிந்தால் பேச்சைத் திருத்திக்கொள்வோமாம்.

என் மச்சினன் நயினார்தான் முதலில் இதை எனக்கு விளக்கினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காள் கையால் சாப்பிட்டு, ஒரு படமும் பார்த்துவிட்டுப் போகிறவன்.

“அந்தக் காலத்துல டீக்கடையில விசாரிப்பாங்க, துணி தேய்க்கிறவர்ட்ட விசாரிப்பாங்க. அவங்க பொய் சொல்லலாம். ஒங்க ஹாலு பொய் சொல்லாதுல்லா அத்தான்?”

“ஹாலு என்னத்தடே சொல்லும்? படம் நல்லாருக்கு, நல்லால்ல. அதுல என்ன தெரியும்?”

“அதுலதான் எல்லாம் தெரியுதாம். எந்த எடத்துல சிரிக்கான், யாருக்காக அழுதான், எதுக்குக் கோவம் வருது. பொண்ணு பாக்க வாரப்ப ஒரு மணி நேரம் நடிச்சிரலாம். நாலு வருசம் நடிக்க முடியுமா?”

அவன் சொல்லச் சொல்ல நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாயகியின் இடுப்பைப் பற்றி இதே ஹாலில் உட்கார்ந்து என்ன பேசினான்! வந்த மூன்று வரனும் கேட்டிருக்குமே. “இனிமே ஞாயித்துக்கிழம இந்தப் பக்கம் வராத” என்றேன். கையில் இருந்த அப்பளத்தைக் கூட முடிக்காமல் எழுந்து போனான். பிரமு, என் மனைவி, அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியை விரட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அடுத்ததாக பிரமுவைக் கவனிக்க ஆரம்பித்தேன். முப்பது வருடத்தில் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று யோசிக்க எனக்குத் தேவை வந்ததில்லை. இப்போது படம் ஓடும்போது திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு படத்தில் மாமியாரிடம் கோபித்துக்கொண்டு ஒருத்தி பெட்டியோடு கிளம்புகிறாள். பிரமு மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, சளியா? எதற்கு அழ வேண்டும்? கிளம்பிப் போகிறவளுக்காகவா, இருக்கிற மாமியாருக்காகவா? இதையெல்லாம் அந்தத் திரை கேட்டு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு வேர்த்தது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கடையில் இருந்து ஒரு பழைய டைரியை எடுத்து வந்தேன். படம் தொடங்குவதற்கு முன்பே யார் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதினேன். பிரமு: “அம்மா பாத்திரம் மனசைத் தொட்டுவிட்டது.” காந்திமதி: “குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.” இரண்டு பேரும் மறுபேச்சு இல்லாமல் மனப்பாடம் செய்தார்கள். திரை கேட்டதும் நான் தொடங்கி வைத்தேன், அவர்கள் வரிசையாக ஒப்பித்தார்கள். ஒரு தடவை பிரமு, சண்டைப் படம் ஒன்றுக்கு, அதில் அம்மாவே கிடையாது, “அம்மா பாத்திரம் மனசைத் தொட்டுவிட்டது” என்றாள். நான் இருமிச் சமாளித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தென்காசியில் இருந்து நாலாவது இடம் வந்தது. தரகர் செண்பகம் கொண்டுவந்தாள். பையன் பெயர் ஆதவன். ஓசூரில் வேலை. அப்பா வைகுண்டம் பெரிய மரவாடிக்காரர், ஊரில் நல்ல மதிப்பு. “எங்க குறிப்பத் தாராளமா வாங்கிப் பாக்கச் சொல்லு” என்றேன். அவர்கள் வீட்டுக் குறிப்பை நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டை நாம் விசாரிப்பதாவது! பெண்ணைப் பெற்றவன் அப்படிக் கேட்டால் வம்பு பிடித்தவன் என்று பெயர் வந்துவிடும்.

குறிப்பு தென்காசிக்குப் போய் மூன்று வாரம் ஆனது. பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை மாலை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறினேன். துணிக் கொடிக்கு அந்தப் பக்கம் காந்திமதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே பேசினாள். என் மகளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

“அய்ய, அந்தப் படமா? சகிக்கல. அந்த அண்ணன் கேரக்டர மொத சீன்லயே லாரியில ஏத்தி அனுப்பிருக்கணும். தங்கச்சி வேலைய விட வச்சு வீட்டுல ஒக்கார வைக்கானாம், அதுக்கு வயலின் வேற வாசிக்காங்க... என்னது, ஒனக்குப் பிடிச்சுதா? போ, ஒன்கூடப் பேச மாட்டேன். சரி சொல்லு, ஏன் பிடிச்சுது, காரணம் சொல்லு.”

எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. முந்தின நாள் ஹாலில் நாங்கள் சேர்ந்து பார்த்த படம் அது. “எப்பேர்ப்பட்ட அண்ணன்! குடும்பப் படம்னா இது” என்று நான் சொன்னபோது, “ஆமாப்பா, நல்லாருந்துச்சு” என்றவள் இவள்தான். போனில் இருப்பது அவளோடு வேலை பார்க்கிற ஷைனியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆக, வீட்டுக்குள் ஒரு பேச்சு, மாடியில் ஒரு பேச்சு. நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் வேறு எதையோ வைத்திருக்கிறாள். அதுதான் குரலில் கசிந்து குறிப்பில் ஏறியிருக்கிறது. துரோகியைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிடித்ததில் சந்தோஷம் வரவில்லை. தொட்டியைப் பார்க்காமலே இறங்கிவிட்டேன்.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். அதோடு ஹாலில் திரையை அணைத்து வைத்தேன். “கொஞ்ச நாளைக்குப் படம் வேண்டாம்” என்றேன். “சரிப்பா” என்றாள். “சரிங்க” என்றாள் பிரமு. அந்த இரண்டு ‘சரி’யையும் உரைத்துப் பார்க்க ஒரு கல் கிடைக்காதா என்று இருந்தது.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை செண்பகத்திடம் இருந்து போன் வந்தது. “தென்காசிக்காரங்களுக்கு முழுச் சம்மதம் அண்ணாச்சி. ஒங்க குறிப்பு அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். கொஞ்சம் ஆபீசுக்கு வந்துட்டுப் போறீங்களா?”

பறந்து போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு சின்ன அறை அவள் ஆபீஸ். நான் வாங்கிப் போன அல்வாவை மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, இது நான் காமிக்கக் கூடாது. தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிரும். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, அதனால காமிக்கேன்” என்று சொல்லித் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கள் வீட்டு ஹால் குறிப்பு.

என்னவெல்லாமோ எதிர்பார்த்திருந்தேன். நயினாரின் இடுப்புப் பேச்சு அதில் ஒரு மூலையில் கூட இல்லை. எந்தப் படத்தை யார் புகழ்ந்தார்கள், யார் திட்டினார்கள் என்பதும் இல்லை.

“படத்தப் பத்தி ஒண்ணுமே இல்லையே?” என்றேன்.

“படத்தப் பத்தி நீங்க என்ன சொன்னாலும் அதுக்கு ஒண்ணும் இல்ல. யாரு மொதல்ல பேசுதா, ஒருத்தர் பேசினப்புறம் மத்தவங்க பேச்சு எப்படி மாறுது, அதத்தான் கணக்குப் பாக்கும்.”

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் பார்த்திருக்கிறோம். அதில் முந்நூற்று ஒன்பது படங்களுக்கு முதலில் பேசியவன் நான். மிச்சம் மூன்று தடவை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறது. நான் ஒன்று சொன்ன பிறகு என் மனைவி வேறு சொன்னது ஒரு தடவை கூட இல்லை. மகளும் அப்படித்தான். மனைவி தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியங்கள் இருநூற்று அறுபத்தெட்டு என்று போட்டிருந்தது.

“அதத் தொட்டா வரிசையா வரும்” என்றாள் செண்பகம்.

தொட்டேன். பிரமுவின் குரல் எழுத்தாக வந்து நின்றது. ‘எனக்கு என்னமோ அந்தத் தம்பி மேல’ என்று ஒன்று. அதோடு நிற்கிறது. ‘அந்த அம்மா வீட்ட விட்டுப் போயிருக்க வேண்டாம், ஏன்னா.’ ஏன்னா என்ன? ஒவ்வொன்றுக்கும் கீழே அவளை நிறுத்திய என் பேச்சும் இருந்தது. ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல.’ ‘ஒனக்குக் கத புரியல.’ பெரும்பாலும், ‘சரி, லைட்டப் போடு.’ தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு நாளில் ‘நம்ம கல்யாணத்தப்போ கூட நான்’ என்று இருந்தது. கீழே, ‘லைட்டப் போடு.’

என்ன படம் அது? எங்கள் கல்யாணத்தைப் பற்றி என்ன சொல்ல வந்தாள்? குழி பறித்தவன் யார் என்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன், மண்வெட்டி என் கையில்தான் இருந்திருக்கிறது.

“மொத மூணு வீட்டுக்காரங்களும் நல்ல மாதிரி” என்றாள் செண்பகம். “அந்தப் பொண்ணு மனசுல என்ன இருக்குன்னே தெரியல, நம்ம வீட்டுக்கு வந்து வாயத் தொறக்காம கஷ்டப்பட்டா பாவம்னு ஒதுங்கிட்டாங்க.”

“அப்ப தென்காசி?”

“வைகுண்டம் சொன்னத அப்படியே சொல்லுதேன். ‘நாலு வருசத்துல ஒரு எதுத்த பேச்சு இல்ல பாத்தியா, இந்த மாதிரி வளத்த பிள்ளதான் நம்ம வீட்டுக்குத் தோது’ன்னாரு.” பிறகு அவர்கள் வீட்டுக் குறிப்பைத் திறந்தாள். ஆறு வருடப் பேச்சு. ஒரே குரல். அம்மாவின் குரல் எங்கேயும் பதிவாகவே இல்லை. ஆதவன் என்கிற அந்தப் பையன் பேசியது ‘ம்’ மட்டும். நானூறு தடவை ‘ம்’.

போன வாரமாக இருந்தால் வைகுண்டம் சொன்னதைக் கேட்டு மார் நிமிர்ந்திருப்பேன். இப்போது பயம் பிடித்துக்கொண்டது. என் ஹாலில் இருந்து கிளப்பி இன்னொரு ஹாலில் என் பெண்ணை உட்கார வைக்கப் பார்த்திருக்கிறேனே. அதுவும் பக்கத்தில் ஒரு ‘ம்’முக்குத் துணையாக! அப்பனுக்குப் பயந்தவன் நாளைக்குப் பெண்டாட்டியிடம் அந்த அப்பனாகத்தானே இருப்பான்?

“வேண்டாம்னு சொல்லிரு” என்றேன்.

“அதுக்கில்ல அண்ணாச்சி, நான் இதக் காமிச்சது எதுக்குன்னா...”

“எனக்குப் புரிஞ்சுபோச்சும்மா. நீ செஞ்சது பெரிய உபகாரம். இப்பமே சொல்லிரு.”

“பாப்பாட்ட ஒரு வார்த்த...”

“நான் பேசிக்கிடுதேன்லா. நீ போனப் போடு.”

நான் படி இறங்கும்போதே அவள் போன் பேசுகிற சத்தம் கேட்டது. பைக்கை ஓட்டிக்கொண்டு வரும்போது மனது லேசாக இருந்தது. திருந்திவிட்டேன் என்றே நினைத்தேன். என் மகளைக் காப்பாற்றிவிட்டேன், இனி அவள் இஷ்டப்படி பேசலாம், சிரிக்கலாம், எந்தப் படத்தையும் லாரியில் ஏற்றலாம்.

வீட்டில் தாயும் மகளும் ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். செய்தியைச் சொன்னேன். வைகுண்டம் எப்பேர்ப்பட்ட ஆள், அந்தப் பையன் எப்படி ஒரு ‘ம்’ என்று எல்லாவற்றையும் சொன்னேன். “ஒனக்காகத்தான்ம்மா வேண்டாம்னேன்” என்றேன்.

காந்திமதியின் கை ஒரு நிமிடம் கீரையிலேயே நின்றது. “சரிப்பா” என்றாள். காம்புகளை முறத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சத்தம் இல்லாமல் சாத்தினாள்.

பிரமு என்னைப் பார்த்தாள். வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். நானே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“என்னமோ சொல்ல வந்த. சொல்லு.”

“ஒண்ணுமில்லங்க.”

“சொல்லு பிரமு. நான் குறுக்க பேச மாட்டேன்.”

அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு சுவரில் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தாள். “எதுக்குக் கேக்கீங்க? இதுவும் எதுலயாவது ஏறுமா?” என்றாள். இல்லை என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“அவ மாடியில நின்னு போன்ல பேசுதது யாருகிட்டன்னு ஒங்களுக்குத் தெரியுமா? அந்தத் தென்காசிப் பையன்தான். ஒரு மாசமாப் பேசுதாங்க. செண்பகம்தான் நம்பர் குடுத்தா. ஒரே நேரத்துல அவன் ஓசூர்ல, இவ இங்கன, ஒரே படத்தப் போட்டுப் பாத்துட்டு சண்ட போடுவாங்க. இவ நல்லால்லம்பா, அவன் நல்லாருக்கும்பான். அப்பா இருக்கப்போ எங்க வீட்டுல நான் பேச மாட்டேன், ஒன் வீட்டுல நீயும் பேச மாட்ட, நமக்குன்னு ஒரு வீடு இருந்தா மொதல்ல யாரு பேசுததுன்னே தெனம் சண்ட வரும்னானாம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ஓசூர்லயே தனியா இருந்துக்கிடுவோம்னு அவன் சொல்லிட்டானாம். அத ஒங்ககிட்ட செண்பகத்த விட்டுப் பேச வைக்கணும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிருந்தாங்க. அவனத் தவிர யார்கிட்டயும் எம்மவ இப்படிப் பேசி நான் பாத்ததில்ல.”

முழுவதையும் சொல்லி முடித்தாள். ஒரு இடத்திலும் நான் நிறுத்தவில்லை.

போனை எடுத்துச் செண்பகத்தைக் கூப்பிட்டேன்.

“அதத்தானே நான் சொல்ல வந்தேன் அண்ணாச்சி! தனிக்குடித்தனம்னு கறாராப் பேசிக்கிடுங்க, அவங்க ஆளு அப்படின்னு காட்டத்தான் கூப்பிட்டேன். நீங்க எங்க பேச விட்டீங்க?”

“இப்பமே திரும்பப் பேசு. தப்பா சொல்லிட்டாரு, மன்னிப்புக் கேக்காருன்னு சொல்லு.”

“பேசிப் பாத்துட்டேன். பொண்ணு வீட்டுக்காரன் வேண்டாம்னுட்டான்னு அவருக்கு ஆத்திரம். கையில வச்சிருந்த கடையநல்லூர் எடத்துக்கு உடனே சரின்னு வாக்குக் குடுத்துட்டாரு.”

“பையன் என்ன சொன்னான்?”

“ஸ்பீக்கர்லதான் பேசுனாரு. பையனையும் லைன்ல வச்சிருந்தாரு. ‘என்னடே, சரிதானே?’ன்னு கேட்டாரு. ‘ம்’னான் அண்ணாச்சி.”

போனை வைத்துவிட்டு மகள் அறைக் கதவைத் தட்டினேன். என் வீட்டில் நான் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. காந்திமதி திறந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

“மதி, அந்தப் பையன ஒனக்குப் பிடிச்சிருந்துச்சாம்மா?” என்றேன். “எனக்காகப் பாக்காத. ஒன் மனசுல உள்ளதச் சொல்லு. பிடிச்சிருக்குன்னா நான் தென்காசிக்கே போய் அவரு கால்ல விழுதேன்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். கண், நெற்றி, வாய் என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்று தேடுகிறாள் என்பது எனக்கு விளங்கியது. நான் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கள்லப்பா” என்றாள். “எனக்கும் பிடிக்கலப்பா.”